ஷமீமா பானுவின் ஏழு உருப்படிகள்

ஷமீமா பானு இறந்த செய்தி எனக்குக் கைப்பேசியில் வந்தது. எங்கள் கல்லூரி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், அகமதிப்பீட்டு மதிப்பெண்களை மாலைக்குள் பதிவேற்றிவிட வேண்டும் என்ற அறிவிப்புக்கும், வாசலில் யாருடைய ஸ்கூட்டரோ வழியை மறித்து நிற்கிறது என்ற புகாருக்கும் நடுவே இரண்டு வரியாக அது இருந்தது. ஆனி மாதம், காலை பத்தே கால். இரண்டாமாண்டு மாணவிகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வெளியே அந்த ஆண்டின் முதல் சாரல். செய்தியைப் படித்தேன், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன், பலகையில் பாதியில் விட்ட வரைபடத்தை முடித்தேன். கோடு நேராகவே வந்தது. மணி அடித்து ஆசிரியர் அறைக்கு வந்தபோது செய்தியின் கீழே கூப்பிய கைகள் வரிசை வரிசையாக நின்றன.

நான் அதில் ஒன்றைச் சேர்க்கவில்லை. ஆறுதல் சொற்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. இதை எழுதச் சொன்ன பழைய மாணவிகளான உங்களிடமும் அதைத்தான் சொன்னேன். ஆறுதல் வேண்டாம், தெரிந்ததை எழுதினால் போதும் என்றீர்கள். எனக்குத் தெரிந்ததில் பாதி எனக்குப் பெருமை தராதது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவர் வணிகவியல், நான் பொருளாதாரம். இருவருக்கும் ஒரே வயது. தென்காசியில் நம் கல்லூரியின் ஆசிரியர் அறையில், ஜன்னலோர மேசையின் இரு பக்கத்தில் பதினேழு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தோம். கடையநல்லூரில் கைலி வியாபாரம் செய்த வீட்டில் பிறந்தவர். கணவர் ஷார்ஜாவில். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவர் வரும்போது பெட்டி நிறைய மினுக்குத் துணிகள் வரும். அதில் ஒன்றையும் ஷமீமா உடுத்தி நான் பார்த்ததில்லை. கேட்டால், "அவுக ஆசைக்கு வாங்குதாக. நம்ம ஆசைக்கு நாம உடுத்தணும்லா" என்பார்.

துணி எடுப்பது பற்றி அவர் நடத்திய அந்த வகுப்பு தொடங்கியதற்குக் காரணம் ஒரு சேலை. இறுதியாண்டு மாணவிகள் விடைபெறும் நாளில் வகுப்பு முழுக்க ஒரே நிறத்தில், ஒரே கரையில் சேலை கட்டும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எழுபது சேலை மொத்தமாக வரும். அந்த ஆண்டு அவர் வகுப்பு தேர்ந்தெடுத்திருந்தது ஜிகினா ஒட்டிய ரோஜா நிறம். மாதிரியைக் கொண்டுவந்து காட்டிய மாணவியை மேசையருகே நிறுத்திக்கொண்டார்.

"போட்டோவுக்கா கட்டுதே, ஒனக்கா கட்டுதே?"

"எல்லாரும் ஒண்ணுபோல கட்டுனாத்தான மிஸ் நல்லாருக்கும்."

"சரி. மறுநா இத எங்கன கட்டிட்டுப் போவே? வேலைக்கா, விசேஷ வீட்டுக்கா?"

அந்தப் பெண் யோசித்துவிட்டு, "மறுநா எங்கம்மா கட்டிக்கிடுவா மிஸ்" என்றாள்.

"ஒங்கம்மா என்னட்டி பாவம் செஞ்சா? வயக்காட்டுல மத்தாப்பு கணக்கா நிக்கவா?"

ஆசிரியர் அறையே சிரித்தது. ஷமீமா சிரிக்கவில்லை. அன்று மாலை மாணவிகளிடம் அவர் சொன்னதுதான் பிறகு நீங்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொன்ன வாக்கியம்: "ஒரு நாளைக்குன்னு துணி எடுக்காதீங்கட்டி." ஒரே சேலைக்குப் பதிலாக, நீலத்தில் எந்த நீலமானாலும் சரி, திரும்பக் கட்டக்கூடியதாக இருக்கட்டும் என்று பேசி முடித்தார். அந்த ஆண்டுப் படத்தில் எழுபது நீலங்கள் இருக்கின்றன.

அடுத்த ஆண்டிலிருந்து வியாழக்கிழமை கடைசி மணி அவருடையதாயிற்று. நெறிக்கல்விக்கென்று ஒதுக்கி, யாரும் நடத்தாமல் விட்டிருந்த மணி அது. வகுப்பறையின் ஒரு ஜன்னல் கம்பியிலிருந்து எதிர் ஜன்னல் கம்பிக்கு ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, அதில் ஏழு துணிகளைத் தொங்கவிடுவார். இரண்டு பேண்ட், மூன்று குர்தா, ஒரு துப்பட்டா, ஒரு கைத்தறிச் சேலை. துணி என்று சொல்லமாட்டார். சலவைக்குப் போடும்போது எண்ணுவதுபோல உருப்படி என்பார். வெளியூரில் முதல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இந்த ஏழு உருப்படி போதும் என்பது அவர் கட்சி. வராந்தாவில் நின்று கேட்ட நான் நம்பாமல் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். இரண்டை மூன்றால் பெருக்க ஆறு. துப்பட்டாவோடும் துப்பட்டா இல்லாமலும் பன்னிரண்டு. வாரத்துக்கு ஆறு வேலை நாள் என்றால் இரண்டு வாரம் ஒருநாளைப்போல் மறுநாள் இருக்காது. விசேஷத்துக்குச் சேலை. கணக்கு சரியாக இருந்தது. ஆனாலும் இதையெல்லாம் கல்லூரியில் கற்பிக்க வேண்டுமா என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

புதிதாக ஒன்று எடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்கச் சொல்வார். வீட்டில் இருக்கிற எந்த மூன்றோடு இது சேரும்? நானே துவைத்துக்கொள்ள முடியுமா? இதை உடுத்திக்கொண்டு கூட்டமான பேருந்தில் ஏற முடியுமா? பிறகு தையலை உட்பக்கம் திருப்பிப் பார்ப்பது, ஈரக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்துச் சாயம் பார்ப்பது, கடையின் விளக்கை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பது. ஒரு பெண்ணுக்கு எது பொருந்தும் என்று சொல்ல அவளைத் தோளைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துப் போய், துணியைக் கழுத்தருகே வைத்துக் காட்டுவார்.

அவர் மிகுந்த நேரம் செலவழித்தது துணியைப் பற்றி அல்ல, கடையை விட்டு வெளியே வருவதைப் பற்றி. நம் ஊர்ப் பெண்களால் அது முடிவதில்லை. கடைக்காரர் முப்பது சேலையை விரித்துப் போட்டு, குடிக்கக் கலர் சோடாவும் வாங்கிக் கொடுத்துவிட்டால், பிடிக்காவிட்டாலும் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் படி இறங்குவோம். அதனால் ஒரு மாணவியைக் கடைக்காரராக உட்காரவைத்து, இன்னொருத்தியை எழுந்துவரச் சொல்லிப் பழக்குவார். கடைக்காரராக வருகிறவள் குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, ஒங்களுக்காவ உள்ள இருந்து எடுத்துட்டு வந்தேன், இப்படிப் போனா எப்படி?" என்று இழுப்பாள். மற்றவள் நெளிவாள்.

"நெளியாதட்டி. விரிச்சது அவர் வேலை. மடிக்கதும் அவர் வேலை. ‘பாத்துட்டு வாரேன் அண்ணாச்சி’ன்னு மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டு எறங்கி வா."

"திட்டுவாரு மிஸ்."

"திட்டட்டும். வீட்டுக்குப் போற வரைக்கும்தான் திட்டு. பிடிக்காத துணி பீரோவுக்குள்ள அஞ்சு வருசம் இருந்து திட்டும்."

குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் ஒரு சனிக்கிழமை இறுதியாண்டு மாணவிகளை ஐந்தருவிக்கு அழைத்துப் போவார். துணைக்கு ஒரு பேராசிரியர் வேண்டும் என்பதால் ஒருமுறை நானும் போனேன். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு எதிரே வரிசையாகத் துணிக்கடைகள். பல் கிடுகிடுக்கும்போது எந்தத் துணியைப் பார்த்தாலும் உடுத்திக்கொள்ளத் தோன்றும். அதுதான் அன்றைய பாடம். ஈரத்தோடு கடையில் ஏறக்கூடாது. முதலில் துவட்டு, சூடாக ஒரு டீ குடி, பிறகும் அந்தத் துணி நினைவிருந்தால் திரும்பிப் போ.

கடை போட்டிருந்த ஒரு அம்மா இதைக் கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார். "டீச்சர், வருசா வருசம் வந்து எம் பொழப்புல மண்ண அள்ளிப் போடுதீங்களே, நல்லாருக்கா?"

"ஒங்ககிட்டதான் ஆச்சி இத்தன பேருக்கும் துண்டு எடுக்கப் போறேன். துண்டுக்கு யோசன கெடையாது."

"அப்படி வாங்க வழிக்கு" என்று அவர் துண்டுக் கட்டைப் பிரித்தார்.

நான் அந்த நேரத்தில் நான்கு கடை தள்ளி, நனைந்த தலையோடு ஒரு அரக்கு நிற குர்தா எடுத்துக்கொண்டிருந்தேன். குளிர் தாங்கவில்லை. முதல்முறை துவைத்தபோது அது என் வெள்ளைத் துணிகளையெல்லாம் அரக்காக்கியது. மறுவாரம் என் மணிக்கட்டில் இருந்த சாயத்தைப் பார்த்த ஷமீமா ஒன்றும் கேட்கவில்லை. மேசையின் என் பக்கத்தில், சாயம் நிற்பதற்காகத் தண்ணீரில் போடும் கல் உப்பு ஒரு பாக்கெட் இருந்தது.

இனி நான் எழுத வேண்டியது அந்தக் கூட்டம்.

நிர்வாகம் மாறி, மாணவிகளை வேலைக்குத் தயார் செய்ய வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. அவர்களுக்கு வாரம் ஒரு மணி வேண்டும். வியாழன் கடைசி மணிதான் கண்ணில் பட்டது. நேர்காணலுக்கு வருகிற மாணவிகள் எல்லோரும் அவர்களிடமே கறுப்புக் கோட்டும் பேண்டும் எடுக்க வேண்டும் என்பதும் திட்டத்தில் இருந்தது. ஆசிரியர் கூட்டத்தில் திரைபோட்டு அழகான படங்கள் காட்டினார்கள். ஷமீமா எழுந்து, "இந்தக் கோட்ட எங்க பிள்ளைங்க ஒரு நாள்தான் போடுவாங்க. வெயில்ல ரெண்டு பஸ் மாறி வரணும். வீட்டுல இருக்கறதுலயே நேர்காணலுக்குத் தகுந்தாப்ல உடுத்த நான் சொல்லிக்கொடுத்திட்டுதான் இருக்கேன்" என்றார்.

முதல்வர் என்னைப் பார்த்தார். பொருளாதாரத் துறையின் கருத்து என்ன என்று கேட்டார். நான் இரண்டு வாக்கியம் சொன்னேன். "அந்த வகுப்புக்குப் பாடத்திட்டம் கிடையாது. அதன் பயனை மதிப்பிடவும் வழியில்லை." இரண்டும் உண்மை. அவற்றைச் சொல்ல வேண்டிய தேவைதான் இல்லை. எதிரே எல்லாவற்றையும் விரித்து வைத்திருந்தார்கள், எழுந்து வர எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். வகுப்பு போயிற்று.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஷமீமா டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினார். "நீங்க சொன்னது சரிதான் மேடம். பயன் என்னன்னு கேட்டா எனக்கும் காட்டத் தெரியாது. எடுத்துக்கோங்க." வகுப்பை மதிய இடைவேளைக்கு மாற்றிக்கொண்டார். சாப்பாட்டை விட்டுவிட்டு வருகிறவர்கள் வந்தால் போதும் என்றார். பலரும் வந்தீர்கள்.

பயன் என்ன என்பது எனக்கு அடுத்த ஆண்டு தெரிந்தது. ராயகிரியிலிருந்து வந்துகொண்டிருந்த முத்துமாரி என் மாணவி. வகுப்பில் முதல் மதிப்பெண். நேர்காணல் நாளன்று அவள் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நான் வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு மறந்துவிட்டேன். ஷமீமா மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறி ராயகிரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். காய்ச்சல் ஒன்றும் இல்லை. கோட்டு இல்லை. கோட்டு இல்லாமல் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள் என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டாள். பேருந்து தூரத்தால் அவள் மதிய வகுப்புக்கும் வந்ததில்லை. தை மாதம் அவளுக்குக் கல்யாணம் முடிந்தது.

திங்கட்கிழமை காலையில் ஷமீமா என்னிடம் இதைச் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை. "வெள்ளச் சட்டத்துணியில ஒரு சுடிதார் மேடம், சந்தனக் கலர்ல ஒரு துப்பட்டா. அவ வீட்டுக் கொடியிலயே காஞ்சுட்டு கெடந்துச்சு. அதப் போட்டுட்டு வந்திருந்தா ராணி மாதிரி இருந்திருப்பா." பிறகு, "யாராவது ஒரு ஆளு, இது போதும்ட்டின்னு சொல்லிருக்கணும்" என்றார். அந்த யாராவதில் நானும் இருந்தேன். அதை அவர் சொல்லவில்லை. இன்றுவரை நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

போன தை மாதம் அவருக்கு நோய் என்று தெரிந்தது. முற்றியபிறகுதான் தெரிந்தது. பங்குனியில் ஒருநாள் கல்லூரிக்கு வந்து, என் எதிரே உட்கார்ந்து, "மத்தியான வகுப்ப நீங்க எடுத்துக்கோங்க மேடம். ஒங்களுக்குத்தான் எதையும் நம்பாத கண்ணு இருக்கு. துணி பாக்க அதான் வேணும்" என்றார்.

"பார்க்கலாம்" என்றேன்.

அவர் சிரித்தார். "கடைய விட்டு எறங்குதீங்களா மேடம்?"

அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. ஒரு துணி எடுக்க வேண்டும், கூட வருகிறீர்களா என்று மட்டும் கேட்டார்.

கோயில் பக்கத்துத் தெருவில் பழைய கடை ஒன்றுக்குப் போனோம். வெள்ளைப் பருத்தி கேட்டார். கடைக்காரர் நான்கு சுருளை எடுத்துப் போட்டார். "என்னத்துக்கும்மா, திரைச்சீலைக்கா?"

"கஃபனுக்கு அண்ணாச்சி."

இறந்தவரை அடக்கத்துக்கு முன் சுற்றும் தைக்காத துணி அது. கடைக்காரர் தலையைக் குனிந்து, யாருக்கு என்று கேட்காமல், அளவுகோலை எடுத்தார். நானும் உறவில் யாருக்கோ என்றுதான் நினைத்தேன். ஷமீமா ஒரு சுருளின் நுனியைப் பிடித்து வாசல் வரை இழுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தார். கசக்கிப் பார்த்தார். "நெசவு நெருக்கமா இருக்கா, பாருங்க மேடம். எனக்கு இப்பக் கண்ணு சரியாத் தெரியல." நான் பார்த்தேன். இருக்கிறது என்றேன். யாருக்கு என்று அப்போதுதான் கேட்டேன்.

"எனக்குத்தான். மச்சான் மக்காவுக்கு உம்ரா போனப்ப கொண்டாந்து தாறேன்னாரு. வேண்டாம், நானே பாத்து எடுத்துக்கிடுதேன்னுட்டேன்."

இதையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். அறிவில்லாத கேள்வி. வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஒரு நாளைக்குன்னு துணி எடுக்காதீங்கன்னு இத்தன வருசம் தொண்டத் தண்ணி வத்தக் கத்துனேன். இப்ப நானே எடுக்கேன். அதாவது நல்லதா இருக்கட்டுமே." துணியின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு நின்றவர் பிறகு சொன்னார்: "ஏழு போதும் ஏழு போதும்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். கஃபன்னா பொம்பளைக்கு அஞ்சே உருப்படிதானாம் மேடம். நான்தான் ரெண்டு கூடச் சொல்லியிருக்கேன்."

நான் சிரித்திருக்க வேண்டும். அவர் அதற்காகத்தான் சொன்னார். சிரிக்க வரவில்லை.

செய்தி வந்த அன்று மதியம் கடையநல்லூர் போனேன். உள் அறையில் பெண்களுக்கு நடுவே கிடத்தியிருந்தார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல துணியால்லா இருக்கு. யாரு எடுத்தா?" என்றார். எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை. பேசத் தெரியாதவர்கள் மௌனத்தை மரியாதை என்று சொல்லிக்கொள்வார்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் வீடு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து அவர் மகள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஏழு உருப்படியும், சுருட்டிய நைலான் கயிறும். "உம்மா ஒங்ககிட்டக் கொடுக்கச் சொன்னாங்க மாமி" என்றாள்.

அடுத்து வந்த வியாழக்கிழமை மதியம் கயிற்றைக் கட்டினேன். ஐந்து பேர் வந்தார்கள். பன்னிரண்டு விதமாகச் சேர்ப்பதைப் பலகையில் எழுதிக் காட்டினேன். பிழை இல்லை. புளியறையிலிருந்து வரும் ஒரு பெண், "எனக்கு இந்தப் பச்ச சேருமா மேடம்?" என்று கேட்டாள். அவளை ஜன்னலுக்கு அழைத்துப் போய்த் துணியைத் தோளில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு ஒரு பிள்ளையின் தோளைத் தொட வராது. சேரும் என்றேன். அவள் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. மறுவாரம் இருவர் வந்தார்கள். ஒருத்தி முழு நேரமும் வாசலில் வரப்போகும் பார்சலுக்காகக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் நான் மட்டும் இருந்தேன். கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினேன்.

போன மாதம் கோட்டுக்கான சுற்றறிக்கை வந்தது. வகுப்பாசிரியர்கள் மாணவிகளின் அளவுகளைச் சேர்த்துக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அலுவலக உதவியாளர் என் எதிரே காத்து நின்றார். "பாத்துட்டு வாரேன்" என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பதினேழு ஆண்டுகளும் போதவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

அவரிடமிருந்து என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பை என் அலமாரியில் இருக்கிறது. மழைக்காலம் என்பதால் பூஞ்சை பிடித்துவிடக் கூடாதென்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை அலசி, அவர் கயிற்றிலேயே காயப்போடுகிறேன். ஒரு தையல் விட்டதில்லை. ஒரு நிறமும் போகவில்லை. பகல் வெளிச்சத்தில் பார்த்து எடுத்த துணிகள். இன்னும் பத்து ஆண்டுக்கு ஒன்றும் ஆகாது. உடுத்தத்தான் ஆள் இல்லை.